வீணையோடு ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில். வருஷத்தில் ஐந்தாறு முறையாவது வீணையைத் தூக்கிக்கொண்டு பாரிஸ், சூரிச், லண்டன் என்று கிளம்ப வேண்டி வரும். நவராத்திரி, யாராவது ஒரு பிள்ளையின் அரங்கேற்றம், பொங்கல் விழா, ஏதாவது ஒன்று. படிக்கவோ வேலைக்கோ புதிதாக வரும் பிள்ளைகள் பலர் ஊரிலிருந்து வாத்தியத்தையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறார்கள். அடுத்த நாட்டிலிருந்து வாசிக்கக் கூப்பிடும்போதுதான் திகைக்கிறார்கள். இது அவர்களுக்காக எழுதியது. வீணையை வைத்துச் சொல்கிறேன். மிருதங்கம், தவில், கிட்டார், செல்லோ எதற்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும். இரண்டு பெரிய சூட்கேஸோடு வேறு நாட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒரு விஷயம். பயணம் எத்தனை மணி நேரம் என்று பார்க்காதீர்கள், எத்தனை தடவை சாமானைத் தூக்கி இறக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிஸுக்கு நேர் ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். இரண்டு இடத்தில் மாறிப் போனால் சில சமயம் டிக்கெட் முப்பது ஐரோ குறைவாகக் கிடைக்கும். நேர் ரயிலில் ஒரு தடவை ஏற்றி ஒரு தடவை இறக்கினால் போதும். மாறிப் போனால் மூன்று தடவை ஏற்றி மூன்று தடவை இறக்க வேண்டும், நடுவில் படிக்கட்டுகள் வேறு. வாத்தியம் அடிபடுவது பெரும்பாலும் ஓடும் ரயிலில் இல்லை, இப்படி அவசரமாக ஏறி இறங்கும் இடத்தில்தான். கீழே சொல்லும் எல்லாமே இந்தத் தூக்கல்களைக் குறைப்பதற்கான வழிகள்தான்.

1. கொண்டுபோகத்தான் வேண்டுமா?

இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மிருதங்கம் என்றால் போகிற ஊரிலேயே இரவல் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பாரிஸ், சூரிச், லண்டன், டோர்ட்முண்ட் மாதிரி நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஊர்களில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவராவது இருப்பார். என்ன சுருதி என்பதை இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டால் அவர் பார்த்து எடுத்து வைப்பார். தம்புராவைத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம், மின்னணு சுருதிப் பெட்டியோ கைபேசிச் செயலியோ போதும். ஒலிபெருக்கி, மைக் ஸ்டாண்ட் எல்லாம் நடத்துகிறவர்களின் பொறுப்பு. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

வீணை அப்படி இல்லை. தந்தியை அழுத்தும் உலோகக் கம்பிகளான மெட்டுகள் நிற்கும் உயரம், தந்தியின் கனம், நீண்ட கழுத்துப் பகுதியான தண்டிக்கு அடியில் உள்ள சுரைக்காய் மடியில் உட்காரும் விதம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். இரவல் வீணையில் சுரத்தை அசைத்துக் கமகம் பிடித்தால் விரல் தடுமாறும். அதனால் வீணையை நான் கொண்டுதான் போகிறேன். அதற்குப் பதிலாகச் சூட்கேஸை விட்டுவிடுகிறேன். இரண்டு நாள் பயணத்துக்கு முதுகில் மாட்டும் பை ஒன்று போதும். அதிக நாள் தங்குவதாக இருந்தால் துணிமணியைக் கூரியரில் முன்கூட்டியே அனுப்பிவிடலாம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றிலும் ரயில் நிறுவனங்கள் வழியாகவே வீட்டுக்கு வந்து சூட்கேஸை எடுத்துப்போகும் சேவை உண்டு. எல்லை தாண்டி அனுப்பும் வசதி எந்தெந்த ஊருக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்கேஸைத்தான் அனுப்ப வேண்டும். வாத்தியத்தைக் கூரியரிடம் கொடுக்க எனக்கு மனசு வராது, உங்களுக்கும் அந்த யோசனையைச் சொல்ல மாட்டேன்.

2. அளவெடுத்து எழுதி வையுங்கள்

வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்து, கைப்பிடி, சக்கரம் எல்லாம் சேர்த்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். எடையும் பாருங்கள். என் வீணை நாலடி, பெட்டியோடு 128 செ.மீ. நீளம், 14 கிலோ. இந்த எண்களைக் கைபேசியில் போட்டு வைத்தால் டிக்கெட் வாங்கும்போது தடுமாற வேண்டியதில்லை.

பிரான்ஸில்தான் விதிகள் கறாராக இருக்கின்றன. டிஜிவி இன்வி என்ற அதிவேக ரயில்களில் 2024 முதல் ஒருவர் 70×90×50 செ.மீ. அளவுக்குள் இரண்டு பெட்டிகளும் ஒரு சின்னக் கைப்பையும் கொண்டுபோகலாம். பெட்டிகளில் ஒன்றுக்குப் பதிலாக வாத்தியம், பனிச்சறுக்குப் பலகை மாதிரியான நீளச் சாமான் ஒன்று 130×90 வரை இருக்கலாம். வீணைப் பெட்டி இதற்குள் மயிரிழையில் அடங்கும். புதிதாகப் பெட்டி செய்யச் சொல்கிறவர்கள் 130-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் 50 ஐரோ அபராதம் கேட்கலாம். பெட்டியில் பெயர் எழுதிய அட்டை தொங்க வேண்டும் என்பதும் அங்கே கட்டாயம். அதே நாட்டின் மலிவு ரயிலான வீகோவில் டிக்கெட்டோடு வருவது ஒரு கைப்பையும் ஒரு சின்னப் பெட்டியும்தான். அதற்கு மேல் எதற்கும் தனிக் காசு. சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு என்பது பல சமயம் போய்விடும்.

லண்டனுக்குப் போகும் யூரோஸ்டாரில் சாதாரண வகுப்புக்கு 85 செ.மீ. நீளத்துக்குள் இரண்டு பெட்டிகள். வீணை, செல்லோ எல்லாம் இந்த நீளத்தைத் தாண்டிவிடும். அதனால் டிக்கெட் வாங்கும் முன்பே அளவைக் குறிப்பிட்டு அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், வரும் பதிலை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் ஊழியருக்கு அந்தத் தாள் போதும். வாய்மொழியாக யாரோ சரி என்றார்கள் என்பது அங்கே செல்லாது.

ஜெர்மன் ரயில்களில் யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. ஒருவரே தூக்கக்கூடியதாக, வழியை மறிக்காததாக இருந்தால் சரி. சுவிட்சர்லாந்தில் கைச்சாமானுக்கு 120×80×100 செ.மீ. என்று ஓர் அளவு உண்டு. நாலடி வீணை அதைச் சற்றே மீறும் என்பதால் அங்கேயும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஃபிளிக்ஸ்பஸ் மாதிரி பேருந்துகளில் பெரிய வாத்தியம் 'சிறப்புச் சாமான்' கணக்கில் வரும். டிக்கெட் எடுக்கும்போதே அதையும் சேர்த்துப் பதிய வேண்டும். ஒரு வண்டியில் அதற்கான இடம் கொஞ்சம்தான். பதியாமல் போய் நின்றால் ஓட்டுநர் ஏற்றாமல் விடலாம், அவர் மேல் தப்பும் இல்லை. அடியறையில் மற்றவர்களின் சூட்கேஸ்களுக்கு அடியில் வீணை படுத்துக்கிடப்பதை நினைத்தாலே எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டியான பெட்டியில் இருக்கும் மிருதங்கத்துக்கு வேண்டுமானால் பேருந்து சரி.

3. வழியைத் தேர்ந்தெடுப்பது

நேர் ரயில் இருந்தால் அதுதான். நேரம் வசதிப்படாவிட்டாலும் அதற்கே போங்கள். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் எங்கே மாறுவது என்பதைச் செயலி முடிவு செய்ய விடாதீர்கள்.

ஐரோப்பாவில் சில நிலையங்கள் பாதை முடியும் இடத்தில் கட்டப்பட்டவை, நம் சென்னை சென்ட்ரல் மாதிரி. ரயில் வந்து முட்டி நிற்கும். எல்லா பிளாட்பாரமும் ஒரே முகப்பில் திறக்கும். ஒரு ரயிலிலிருந்து இறங்கி அடுத்ததற்குப் போகப் படியே இல்லை, உருட்டிக்கொண்டே போகலாம். ஃபிராங்க்ஃபர்ட், மூனிக், லைப்சிக் பெரிய நிலையங்கள், மிலானோ சென்ட்ராலே, பாரிஸின் கார் து லெஸ்ட் எல்லாம் இந்த வகை. சூரிச்சிலும் மேல்தளத்து பிளாட்பாரங்கள் அப்படித்தான். 31 முதல் 34, 41 முதல் 44 என்று எண் போட்டவை நிலத்தடியில் இருக்கும். கொலோன் மாதிரி ரயில் ஊடுருவிப் போகும் நிலையங்களில் சுரங்கப்பாதைக்கு இறங்கி ஏற வேண்டும். லிஃப்ட் உண்டு, ஆனால் அதற்கு முன்னால் தள்ளுவண்டிக் குழந்தைகளும் சைக்கிள்களும் வரிசையில் நிற்கும்.

எனவே ஒரே விலையில் இரண்டு வழி இருந்தால், முட்டி நிற்கும் நிலையத்தில் மாறுகிற வழியை எடுங்கள். ஜெர்மன் ரயில் செயலியில் மாறுவதற்கான குறைந்தபட்ச நேரத்தை நாமே வைக்கலாம். அதை 30 நிமிஷத்துக்குக் கீழே வைக்காதீர்கள். ஜெர்மனியில் ரயில் தாமதம் என்பது அன்றாடம் நடப்பது. முதல் வருஷம் ஏழு நிமிஷ இடைவெளியை நம்பி டிக்கெட் எடுத்தேன். முதல் ரயில் ஐந்து நிமிஷம் தாமதம். வீணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியில் ஓடினேன். பெட்டியின் முனை இரும்புக் கைப்பிடியில் இடித்தது. ரயிலைப் பிடித்துவிட்டேன், ஆனால் வீணையின் முனையில் செதுக்கியிருக்கும் யாளி முகத்தின் கீழ்த்தாடையில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. அந்தச் சில்லு இன்னமும் மேஜை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது.

பாரிஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒரே பெரிய நிலையம் என்பது கிடையாது. ஸ்டுட்கார்ட், ஃபிராங்க்ஃபர்ட் ரயில்கள் கார் து லெஸ்ட்டில் வந்து நிற்கும், லண்டன் ரயில் கார் து நோரிலிருந்து கிளம்பும், சூரிச் ரயில் கார் த லியோனிலிருந்து கிளம்பும். லெஸ்ட்டிலிருந்து நோருக்கு நடந்தால் பத்து நிமிஷம்தான். மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன் என்று கீழே இறங்கிவிடாதீர்கள். திருகுக் கதவும் படிகளும் வீணையோடு பெரும் அவஸ்தை. நடக்கும்போதும் வரைபடம் காட்டும் மிகக் குறுக்கு வழி ர்யூ தல்சாஸ் தெருவில் ஒரு பெரிய படிக்கட்டில் கொண்டுபோய் விடும். முகப்பு வாசலால் வெளியே வந்து ஃபோபூர் சான் தெனி தெருவைப் பிடித்தால் லேசான ஏற்றம்தான், படி இல்லை. அதே தெருவில் இன்னும் வடக்கே போனால் லா ஷாப்பல். நம் கடைகள் அங்கேதான். இடைவெளி நிறைய இருந்தால் தோசையும் சாப்பிட்டுவிடலாம். கார் த லியோனுக்குப் போவதாக இருந்தால் டாக்சி எடுங்கள், அந்தக் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

மூன்று நான்கு பேராக, இரண்டு மூன்று வாத்தியத்தோடு போகிறீர்கள் என்றால் கார்தான் நல்லது. வீட்டு வாசலில் ஒரு தடவை ஏற்றல், மண்டப வாசலில் ஒரு தடவை இறக்கல். லண்டனுக்கும் காரிலேயே போகலாம். கலேயிலிருந்து ஃபோக்ஸ்டனுக்குச் சுரங்க ரயில் காரையே ஏற்றிக்கொண்டு 35 நிமிஷத்தில் கொண்டுவிடும், வாத்தியம் இருந்த இடத்திலேயே இருக்கும். வாடகைக் காரை ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் கட்டணம் கடுமையாக ஏறும். எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுக்கிற மாதிரி திட்டமிடுங்கள்.

4. கட்டி வைப்பது

இதில் அவசரம் கூடாது. முந்தின நாள் சாயங்காலமே உட்கார்ந்து செய்யுங்கள்.

வீணையில் எளிதில் கெடக்கூடியது எது என்று கேட்டால் பலர் பெரிய உருண்டையான குடத்தைச் சொல்வார்கள். என் அனுபவத்தில் மெழுகுதான். இருபத்துநாலு மெட்டுகளும் உட்கார்ந்திருப்பது தேன்மெழுகில் கரித்தூள் கலந்து வார்த்த சட்டத்தில். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகும், மெட்டு ஒரு பக்கமாகச் சாயும். கடுங்குளிரில் மெழுகு கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், ஒரு சின்ன அதிர்வு போதும். ஒரு ஜனவரியில் வீணையை ராத்திரி முழுக்க வேனிலேயே விட்டுவிட்டோம். காலையில் மண்டபத்தில் திறந்து பார்த்தால் மேல் ஸ்தாயியில் இரண்டு மெட்டுகளின் அடியில் மயிர்க்கோடு மாதிரி விரிசல். விரலால் தொட்டால் மெட்டு ஆடியது. முடி உலர்த்தும் கருவியைத் தூரத்தில் பிடித்து மெழுகை மெல்ல இளக்கி, அழுத்தி உட்காரவைத்து அன்றைக்கு ஒப்பேற்றினேன். தாரஸ்தாயி ஷட்ஜம் கடைசி வரை சுத்தமாகச் சேரவில்லை. அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: வாத்தியம் நான் தூங்கும் அறையில்தான் தூங்கும், வண்டியில் இல்லை.

சரி, கட்டும் முறை. சுரைக்காயைத் திருகிக் கழற்றி, தனியாகத் துண்டில் சுற்றி, பெட்டிக்குள்ளேயே தண்டிக்கு அடியில் வையுங்கள். தந்திகளைத் தளர்த்துங்கள், ஆனால் முழுக்க அவிழ்க்க வேண்டாம். தந்திகளைத் தாங்கும் குதிரை நகராமல் நிற்பது தந்தியின் இழுப்பால்தான், எல்லாம் தொங்கிவிட்டால் அது இடம் மாறிவிடும். இரண்டு மூன்று சுரம் இறக்கினால் போதும். தந்திக்கும் மெட்டுக்கும் நடுவில் பழைய பருத்தி வேட்டியை நீளவாக்கில் மடித்து நுழையுங்கள். குதிரையைச் சுற்றி மெத்தென்று ஒரு துணி. தந்தியை முறுக்கும் பிரடைகளுக்கு இரு பக்கமும் பஞ்சுத் துண்டு வைத்து அவை பெட்டிச் சுவரில் படாமல் பாருங்கள். யாளி முகத்துக்குத் தனியாக ஒரு தலையணை உறை. மூடியபின் பெட்டியை லேசாகக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் திறந்து மறுபடி கட்டுங்கள்.

மிருதங்கக்காரர்களுக்கு: வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புச் சாதத்துக்கு மேல் வட்டமாக வெட்டிய மெல்லிய பஞ்சும் அட்டையும் வைத்து உறை போடுங்கள். இடப்பக்கத் தோலான தொப்பியில் ஒட்டிய ரவையைச் சுத்தமாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் தோல் நாறும்.

குளிர்காலத்தில் இங்கே வெளியே ஈரம் இருந்தாலும், வெப்பமூட்டி ஓடும் அறைக்குள் காற்று வறண்டுவிடும். பலா மரம் அந்த வறட்சியில் சுருங்கும், ஒட்டிய இடம் பிரியும். கிட்டார் கடைகளில் ஈரப்பதத்தைச் சமநிலையில் வைக்கும் சின்னப் பொட்டலங்கள் விற்கின்றன. இரண்டை வாங்கிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.

கடைசியாக, பெட்டியின் வெளியிலும் உள்ளேயும் பெயர், கைபேசி எண் எழுதிய அட்டை. கிளம்பும் முன் நாலு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், தேதியோடு. பின்னால் ஏதாவது ஆனால் இந்தப் படங்கள்தான் பேசும்.

5. நிலையத்திலும் ரயிலுக்குள்ளும்

பிளாட்பாரத்துக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே போய்விடுங்கள். ஸ்டுட்கார்ட்டில் புது நிலத்தடி நிலைய வேலை நடப்பதால் ஊர்ப்பக்கத்திலிருந்து பிளாட்பாரம் வரை நடையே நீளம், அதற்கும் நேரம் வைக்க வேண்டும். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் நீண்டதூர ரயில்களுக்கு எந்தக் கோச் பிளாட்பாரத்தின் எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று திரையில் காட்டுவார்கள். உங்கள் கோச்சின் எழுத்துக்கு நேரே போய் நில்லுங்கள். தப்பான கோச்சில் ஏறிவிட்டு வீணையோடு உள்ளேயே நாலு கோச் தாண்டி நடப்பது மாதிரி கஷ்டம் வேறில்லை, வழியில் இருக்கும் ஒவ்வொரு முழங்கையிலும் இடிக்கும்.

இருக்கையை முன்பதிவு செய்யும்போது, இரண்டடுக்கு டிஜிவி என்றால் கீழ்த்தளத்தைக் கேளுங்கள். சுழல் மாதிரி திரும்பும் அந்தக் குறுகிய படியில் நாலடிப் பெட்டியைத் திருப்பவே முடியாது. ஐசிஈ என்ற ஜெர்மன் அதிவேக ரயிலில், முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் கூரை வடிவத்தில் ஓர் இடைவெளி இருக்கும். வீணை, செல்லோ எதுவும் தரையில் பத்திரமாக இருக்க அதைவிட நல்ல இடம் இல்லை. அதற்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்துப் பதியுங்கள். தலைக்கு மேலே இருக்கும் தட்டில் கனமான வாத்தியத்தை வைக்க வேண்டாம். விழுந்தால் வாத்தியமும் போகும், கீழே உட்கார்ந்திருப்பவரின் தலையும் போகும். வாசலுக்குப் பக்கத்தில் வைக்க நேர்ந்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே வாத்தியம் என்று சொல்லுங்கள். ஜெர்மனில் 'மூசிக்இன்ஸ்ட்ருமென்ட்', பிரெஞ்சில் 'ஆன்ஸ்ட்ரூமான் த முசீக்'. இந்த ஒரு சொல்லில் முகம் மாறிவிடும், பெரும்பாலும் ஒரு கை உதவியும் வரும். ஒரு தடவை ஸ்ட்ராஸ்பூர் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். சோதனைக்காக இல்லை, பார்க்க ஆசைப்பட்டு. யாளி முகத்தைப் பார்த்துவிட்டு இது என்ன மிருகம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி சிங்கம், பாதி யானை என்று சொல்லி வைத்தேன்.

பெட்டியைத் தனியாக விட்டுவிட்டுக் கழிப்பறைக்கோ காபிக்கோ போகாதீர்கள், குறிப்பாக பாரிஸ் நிலையங்களில். ஆளில்லாத பெட்டியைப் பார்த்தால் அந்தப் பகுதியையே மூடி வெடிகுண்டுப் பிரிவை அழைப்பார்கள்.

6. எல்லை தாண்டுவது

ஜெர்மனியிலிருந்து பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி போவதற்கு வாத்தியத்துக்கு எந்தக் காகிதமும் வேண்டாம், எல்லாம் ஒரே சுங்க எல்லைக்குள். ஆனால் சுவிட்சர்லாந்தும் நார்வேயும் எல்லையில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியில் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே. பிரிட்டன் இரண்டுக்குமே வெளியே. அங்கெல்லாம் போய்த் திரும்பும்போது, இது புதிதாக வாங்கியது இல்லை, நான் கொண்டுபோனதுதான் என்று காட்ட வாங்கிய ரசீதோ பழைய படமோ கையில் இருக்கட்டும். நாமே கூடக் கொண்டுபோகும் ஒரு வாத்தியத்துக்கு ஏடிஏ கார்னே என்ற சுங்கப் பத்திரம் பொதுவாகத் தேவைப்படாது. குழுவாக வேன் நிறைய ஒலிக்கருவியோடு போகிறவர்கள் அதைப் பற்றி வர்த்தக சபையில் கேட்க வேண்டும். ஊரிலிருந்து விமானத்தில் புத்தம்புது வாத்தியம் வாங்கி வருகிறவர்கள் 430 ஐரோவுக்கு மேல் மதிப்பிருந்தால் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும்.

தாத்தா காலத்து வீணை வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். பழைய தஞ்சாவூர் வீணைகளில் விளிம்பிலும் குடத்திலும் தந்தம் இழைத்திருப்பார்கள். இப்போது பிளாஸ்டிக். தந்தம் இருக்கும் வாத்தியத்தோடு சுங்க எல்லையைத் தாண்ட அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கீழ் வாத்தியச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் சிக்கினால் பறிமுதல்தான். எதில் இழைத்தது என்று சந்தேகமாக இருந்தால் அந்த வீணையை வீட்டிலேயே வையுங்கள். தோதகத்தி (ரோஸ்வுட்) மரத்தில் செய்த கிட்டார் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரிலிருந்து விலக்கு உண்டு. பிரேசில் நாட்டுத் தோதகத்தி மட்டும் இன்னும் கடும் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

வாத்தியத்தைவிட ஆளுக்குத்தான் காகிதம் அதிகம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஜெர்மன் வதிவிட அட்டை பிரிட்டனில் செல்லாது, தனி விசா வேண்டும். ஐரோப்பியக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டவர்களுக்கும் 2025 ஏப்ரலிலிருந்து ஈடிஏ என்ற முன் அனுமதி வேண்டும். சன்மானம் வாங்கி வாசிக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் விசா அதற்கு இடம் கொடுக்கிறதா என்று ஒப்புக்கொள்ளும் முன்பே பாருங்கள். கையில் வாத்தியம் இருப்பதால் அதிகாரி கட்டாயம் அந்தக் கேள்வியைக் கேட்பார். லண்டன் ரயிலுக்கு நுழைவாயில் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பே மூடிவிடும். எக்ஸ்ரே, கடவுச்சீட்டு இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் முன்னால் போங்கள்.

7. விமானம்தான் என்றால்

ஆயிரம் கிலோமீட்டருக்குள் ரயிலே நல்லது. ஆஸ்லோ, லிஸ்பன் மாதிரி தூரத்துக்கு வேறு வழியில்லை. அமெரிக்காவில் இடம் இருந்தால் வாத்தியத்தை விமானத்துக்குள் அனுமதிக்க வேண்டும் என்று 2012 சட்டம் சொல்கிறது. ஐரோப்பாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி. உலக இசைக்கலைஞர் சம்மேளனம் எந்த நிறுவனம் வாத்தியங்களை எப்படி நடத்துகிறது என்று தரவரிசை வெளியிடுகிறது, அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

மிருதங்கம் நீளத்தில் 60 செ.மீ.க்குள் இருந்தாலும் அதன் வயிறு கைப்பெட்டி அளவுக்குள் அடங்காது. பக்கத்து இருக்கையை அதற்காகவே வாங்கலாம். இதை இணையத்தில் சாதாரணமாகச் செய்யாமல் நிறுவனத்தோடு பேசிச் செய்யுங்கள். 'சிபிபிஜி' என்ற குறியீட்டைச் சொன்னால் அவர்களுக்குப் புரியும். ஜன்னல் ஓர இருக்கையாகக் கொடுப்பார்கள். வீணை பெரும்பாலும் அடியறைக்குத்தான் போகும். அதற்குக் கெட்டியான பெட்டி இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். துணி உறை போதாது. சுருதி சேர்க்கும் கல், மரக்கட்டை, குறடு எல்லாம் அடியறைச் சாமானில் போகட்டும். 6 செ.மீ.க்கு மேல் நீளமான திருப்புளியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

இறங்கியதும், விமான நிலையத்தைவிட்டு வெளியே வரும் முன்பே பெட்டியைத் திறந்து பாருங்கள். ஏதாவது உடைந்திருந்தால் சாமான் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கவுன்ட்டரில் புகார்த் தாள் எழுதி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும், தாமதமாக வந்த சாமானுக்கு அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். ஒப்பந்தத்தில் இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, நல்ல வாத்தியத்தின் விலை அதைத் தாண்டும். அதனால் வாத்தியத்துக்குத் தனிக் காப்பீடு எடுத்து வைப்பது அவசியம். முந்தின நாள் எடுத்த புகைப்படங்கள் இங்கேதான் வேலைக்கு வரும்.

8. போய்ச் சேர்ந்ததும்

குளிர்காலம் என்றால் மண்டபத்துக்குள் நுழைந்த வேகத்தில் பெட்டியைத் திறக்காதீர்கள். வெளியே பூஜ்யம், உள்ளே இருபது டிகிரி. திறந்த மாத்திரத்தில் தந்தியிலும் மெட்டிலும் நீர்த்துளி பூக்கும், தோல் வாத்தியம் தளர்ந்துவிடும். வெப்பமூட்டியிலிருந்து தள்ளி, நடமாட்டம் இல்லாத மூலையில் பெட்டியை மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். அப்புறம் திறந்து, துணியை எடுத்து, மெட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள், ஆடுகிறதா என்று. சுரைக்காயைப் பொருத்துங்கள். தந்திகளை ஒரேயடியாக முறுக்காமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஏற்றுங்கள். அரை மணி விட்டு மறுபடி சுருதி பாருங்கள், இறங்கியிருக்கும்.